பார்க்கும் கண்ணும் திருப்பும் கையும்



சென்ற ஆண்டு எங்கள் மதரஸாவின் நிர்வாகக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறிற்று. மதரஸாவின் வாயிலிலும் முற்றத்திலும் அலுவலறையிலும் கண்காணிப்புக் கேமராக்கள் பொருத்துவது என்பதே அது. வெளிநாட்டில் வணிகம் செய்யும் எங்களூர்ச் செல்வர் ஒருவர் அசையாத கேமராக்கள் எட்டும், எல்லாத் திசையிலும் சுழலும் டோம் கேமரா ஒன்றும், இவற்றை இயக்குவதற்கென்றே அமைந்த விசைப்பலகை ஒன்றும் அன்பளிப்பாக வழங்கினார். “ஹஜ்ரத், இந்தக் கருவியைக் கையாண்டு பழகியவர் நம் ஊரில் நீங்கள் ஒருவர்தாம். இந்தப் பொறுப்பை நீங்களே ஏற்க வேண்டும்” என்று முத்தவல்லி கேட்டுக்கொண்டார். கூடியிருந்தோர் அனைவரும் ஆமோதித்தனர்.

நான் மட்டும் வாய் திறவாது அமர்ந்திருந்தேன். பணிவினால் மௌனம் காக்கிறேன் என்று அவர்கள் எண்ணியிருக்கக் கூடும். உண்மை அதுவன்று. அந்த விசைப்பலகையைப் பார்த்த மாத்திரத்தில், பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக என் நெஞ்சில் கிடக்கும் ஒரு முகம் என் கண்முன் வந்து நின்றது. அந்த முகத்தின் கதையைத்தான் இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன். இதுவரை என் மனைவியிடம் கூட முழுவதுமாகச் சொல்லாத கதை இது.

துபையில் ஒரு கண்ணாடி அறை

அரபுக் கல்லூரியில் ஏழாண்டுகள் ஓதி ஸனது பெற்றவன் நான். பிறகு அஞ்சல் வழியில் பயின்று வரலாற்றுப் பாடத்தில் இளங்கலைப் பட்டமும் பெற்றேன். ஆயினும் லாத்தாவின் திருமணக் கடன் வாப்பாவின் தோளில் சுமையாய் இருந்தபோது, கிதாபுகளை மூடி வைத்துவிட்டு நானும் பலரையும் போல விமானம் ஏறினேன். 2006ஆம் ஆண்டு அது. ஏதோ அலுவலக உதவியாளர் வேலை என்று சொல்லி அழைத்துச் சென்றார்கள். போய்ச் சேர்ந்த இடமோ துபையில் ஒரு பெரிய வணிக வளாகத்தின் கண்காணிப்பு அறை. சில நாள் பயிற்சிக்குப் பின் என்னை அங்கே அமர்த்தினார்கள். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம். வெயில் கிடையாது, சுமை தூக்க வேண்டியதில்லை. “உனக்கு நல்ல நசீபு” என்று உடன் தங்கியிருந்தோர் வாழ்த்தினார்கள். நானும் அவ்வாறே எண்ணி அல்லாஹ்வுக்கு நன்றி கூறினேன்.

அந்த அறையைச் சற்று மனக்கண்ணால் பாருங்கள். வளாகம் முழுவதிலும் தொண்ணூற்றாறு கேமராக்கள். அவற்றின் படங்களைக் காட்ட எங்கள் முன்னால் இருந்தவையோ பன்னிரண்டு திரைகள். எந்தக் கேமராவின் படம் எந்தத் திரையில் தோன்ற வேண்டும் என்று முடிவு செய்வது மேசைமேல் இருந்த விசைப்பலகை. கணிப்பொறியில் எழுத்தடிக்கும் விசைப்பலகை போன்றதன்று அது. இடப்பக்கம் எண் விசைகள். நடுவில் ஒரு சிறு காட்சிப் பட்டை. வலப்பக்கம் கட்டை விரல் பருமனில் நிமிர்ந்து நிற்கும் ஒரு குச்சி. ஆங்கிலத்தில் அதை ஜாய்ஸ்டிக் என்பர். நாங்கள் குச்சி என்றே சொல்வோம்.

முதலில் திரையின் எண்ணை அழுத்தி, மானிட்டர் என்று குறித்த விசையைத் தட்ட வேண்டும். பிறகு கேமராவின் எண்ணை அழுத்தி, கேமரா என்று குறித்த விசையைத் தட்ட வேண்டும். உடனே அந்த இடம் அந்தத் திரையில் வந்துவிடும். அது சுழலும் டோம் கேமராவாக இருந்தால், அக்கணம் முதல் அது நம் கைக்குக் கட்டுப்படும். குச்சியை இடமோ வலமோ சாய்த்தால் கேமரா அவ்வாறே திரும்பும். மேலும் கீழும் சாய்த்தால் நிமிரும், குனியும். சிறிது சாய்த்தால் மெல்லத் திரும்பும். முழுவதும் சாய்த்தால் விரைந்து சுழலும். குச்சியின் தலையை வலமாகத் திருகினால் தொலைவில் உள்ளவர் அருகில் வருவார். இடமாகத் திருகினால் விலகிப் போவார். கூடத்தின் ஒரு கோடியில் நிற்பவரின் சட்டைப் பொத்தானை எண்ணிவிடலாம். மங்கலாகத் தெரிந்தால் குவியத்தைச் சரிசெய்யவும், வெளிச்சம் மிகுந்தால் குறைக்கவும் தனித்தனி விசைகள் உண்டு.

இவ்வளவு கட்டளைகளையும் சுமந்து செல்பவை முறுக்கிய இரண்டு மெல்லிய கம்பிகள்தாம். ஆர்.எஸ்.485 என்னும் அம்முறையில் கட்டளை ஏறத்தாழ 1,200 மீட்டர் தொலைவு வரை செல்லும். ஒரே கம்பியில் பல டோம்கள் தொங்குவதால், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. தன் எண்ணைச் சொல்லி அழைத்தால்தான் அது திரும்பும். ஒருமுறை பழுதான டோமை மாற்றிய தொழிலாளி எண்ணை அமைப்பதில் தவறிவிட்டார். நான் குச்சியை அசைத்தபோது தரைத்தளத்திலும் மூன்றாம் தளத்திலும் இரண்டு டோம்கள் ஒருசேரத் திரும்பின. ஒரே பெயரைச் சொல்லி அழைத்ததும் வகுப்பில் இரு மாணவர்கள் எழுந்து நிற்பதைப் போன்ற அக்காட்சியைக் கண்டு அன்று முழுவதும் சிரித்தோம்.

கையைக் கற்றுக்கொள்ளும் கருவி

வாசகர்களே! இந்தக் கருவியில் நீங்கள் அறிந்துகொள்ள வேண்டிய மூன்று ஏற்பாடுகள் உள்ளன. அவற்றைச் சொல்லாவிட்டால் என் கதை விளங்காது.

முதலாவது, பிரிசெட். கேமராவை ஓரிடத்துக்குத் திருப்பி, வேண்டிய அளவு நெருக்கி, அந்நிலைக்கு ஓர் எண்ணைக் கொடுத்துச் சேமித்துவிடலாம். பிறகு அந்த எண்ணைத் தட்டினால் போதும். கேமரா கண்ணிமைக்கும் நேரத்தில் அங்கே போய் நிற்கும். நகைக்கடை வாயில் ஒன்று, பணம் எடுக்கும் இயந்திரம் இரண்டு, நகரும் படிக்கட்டு மூன்று என்று நாங்கள் மனப்பாடமாக வைத்திருந்தோம்.

இரண்டாவது, ஹோம். யாரும் தொடாதபோது கேமரா நிற்க வேண்டிய நிலை அது. குறித்த நேரம் வரை எவரும் இயக்காவிட்டால், தானே அந்நிலைக்குத் திரும்பும்படி அமைக்கலாம். அப்படி அமைக்காவிட்டால், கடைசியாக நாம் எங்கே விட்டோமோ அங்கேயே அது பார்த்துக்கொண்டிருக்கும்.

மூன்றாவது, பேட்டர்ன். இதுதான் வியப்பிற்குரியது. அதற்குரிய விசையை அழுத்திவிட்டு நாம் குச்சியை இயக்கினால், நம் கை போன போக்கு முழுவதையும் கருவி நினைவில் வாங்கிக்கொள்ளும். எங்கே திரும்பினோம், எங்கே தயங்கினோம், யாரை நெருக்கிப் பார்த்தோம் என்பதெல்லாம் அதில் அடங்கும். பிறகு நாம் எழுந்து போய்விட்டாலும், அதே தயக்கத்தோடும் அதே நெருக்கத்தோடும் அது திரும்பத் திரும்பச் செய்துகொண்டே இருக்கும்.

நான் வேலையில் சேர்ந்தபோது, உணவுக்கூடத்து டோமில் எனக்கு முன்பு இருந்தவர் பதிந்துவிட்டுப் போன பேட்டர்ன் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அவர் வேலையை விட்டுச் சென்று பல மாதங்கள் ஆகியிருந்தன. அவர் கை மட்டும் அங்கேயே இருந்தது. மேசைகளின்மீது விரைந்து சென்ற கேமரா, திரையரங்கு வாயிலின் அருகிலிருந்த நீண்ட இருக்கையில் மட்டும் நின்று, நெருங்கி, உற்றுப் பார்த்துவிட்டு நகரும். அந்த இருக்கையில் அமர்வோர் யார் தெரியுமா? அக்காலத்தில் அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை. முகாம்களிலிருந்து பேருந்தேறி வரும் கட்டடத் தொழிலாளர்கள் குளிர்காற்றுக்காக அங்கே வந்து அமர்வார்கள். எதையும் வாங்க மாட்டார்கள். வாங்குவதற்கு அவர்களிடம் பணமும் இருக்காது.

“இந்த மனிதர் ஏன் அவர்களையே பார்த்தார்?” என்று நான் மனம் நொந்தேன். அந்தப் பேட்டர்னை அழித்துவிட்டு என் கையால் புதியதொன்றைப் பதிந்தேன். ஒரு வாரம் கழித்து, தேநீர்க் கோப்பையுடன் சற்றுத் தள்ளி நின்று அதைப் பார்த்தேன். என் கேமராவும் மேசைகளின்மீது விரைந்து ஓடி, அந்த இருக்கையின் அருகே வந்ததும் நின்றது!

அவர்களும் நானும் ஒரே விமானத்தில் வந்தவர்கள். ஒரே தந்தூரில் ரொட்டி வாங்குகிறவர்கள். ஆயினும் குச்சி கையில் வந்ததும் என் கையும் அவர்கள் பக்கமே திரும்பிற்று. அன்றே நான் விழித்திருக்க வேண்டும், விழிக்கவில்லை.

இருபத்திரண்டு நிமிடங்கள்

2009ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. உணவுக்கூடத்தில் கூட்டம் நிரம்பி வழிந்தது. அந்த இருக்கையில் மூன்று இளைஞர்கள் வந்து அமர்ந்தார்கள். காலில் ரப்பர்ச் செருப்பு. கையில் ஒரு பை. அவர்கள் அடிக்கடி சுற்றும் முற்றும் பார்த்தது எனக்குச் சந்தேகத்தை எழுப்பியது. விசைப்பலகையில் அந்த டோமின் எண்ணைத் தட்டி, மேசைகளை நோக்கியிருந்த அதை அவர்கள் பக்கம் திருப்பினேன். குச்சியைத் திருகி அவர்கள் முகத்தருகே சென்றேன். இருபத்திரண்டு நிமிடங்கள் அவர்களையே தொடர்ந்தேன். அவர்கள் செய்ததெல்லாம் இவ்வளவுதான்: பையிலிருந்து ரொட்டியை எடுத்துத் தின்றார்கள், பணம் அனுப்பிய ரசீது ஒன்றை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள், எழுந்து போனார்கள்.

அதே வேளையில், மேசையொன்றில் அமர்ந்திருந்த ஒரு பெண்மணி தம் கைப்பையைக் காணவில்லை என்று முறையிட்டார். அந்த மேசையைத் துடைத்தவர் துப்புரவுத் தொழிலாளி ஒருவர். கரீம்நகர்ப் பக்கத்தைச் சேர்ந்த தெலுங்கர், ஐம்பதைக் கடந்தவர். இரவு நேரத்தில் எங்கள் அறைக்கும் வந்து கூட்டிவிட்டுப் போவார். என்னைத் “தம்முடு” என்று அழைப்பார். நான் “அண்ணா” என்பேன். இரண்டு பெண்களுக்குத் திருமணம் முடித்துவிட்டதாகவும், மூன்றாவது பெண்ணுக்காகவே இன்னும் இங்கே இருப்பதாகவும் ஒருமுறை சொல்லியிருந்தார்.

காவலர்கள் அவரை எங்கள் அறைக்கு அழைத்து வந்தார்கள். அவரது தள்ளுவண்டியைக் கொட்டிப் பார்த்தார்கள், பை இல்லை. ஆனால் வெளிவாயிலின் அசையாத கேமராவில், அவர் அந்த நேரத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு குப்பைக் கிடங்கின் பக்கம் போவது மட்டும் தெளிவாகப் பதிந்திருந்தது. “அங்கே யாரிடமேனும் கொடுத்திருப்பான்” என்றார் ஒருவர்.

அண்ணா என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் அச்சம் இருந்தது. அதைவிட அதிகமாக நம்பிக்கை இருந்தது. “தம்முடு, உன்னிடம்தான் கேமரா இருக்கிறதே! நான் எடுக்கவில்லை. நீ பார்த்துச் சொல்லிவிடு” என்று உடைந்த இந்தியில் சொன்னார்.

நான் பதிவைப் பின்னோக்கி ஓட்டினேன். திரையில் தெரிந்தது என்ன? மூன்று இளைஞர்கள் ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். இருபத்திரண்டு நிமிடங்களும் அவர்கள் முகங்களே. மேசைகளில் ஒன்று கூட இல்லை. கேமரா தான் நின்ற இடத்திலேயே நின்றிருந்தால் அந்த மேசை முழுவதும் பதிந்திருக்கும். பையை எடுத்தவர் யாராயினும் தெரிந்திருக்கும். எவரும் எடுக்காமல் அந்தப் பெண்மணியே எங்கேனும் வைத்துவிட்டு வந்திருந்தாலும் அதுவும் தெரிந்திருக்கும். கண் அங்கே இருந்தது. அதைத் திருப்பியது என் கை.

எங்கள் மேற்பார்வையாளர், “டோம் ஏன் மேசைப் பக்கம் இல்லை?” என்று கேட்டார்.

“டூர் ஓடிக்கொண்டிருந்தது, சார்” என்றேன்.

டூர் என்பது பிரிசெட்டுகளைக் கருவி தானே வரிசையாகச் சுற்றி வரும் முறை. அதாவது, குற்றம் கருவியுடையது, என்னுடையதன்று என்று சொன்னேன். அந்தப் பழைய விசைப்பலகையில் எவர் எப்போது எந்த விசையைத் தொட்டார் என்ற குறிப்பு எதுவும் பதிவதில்லை. ஆகவே என் பொய்யை மறுக்கச் சான்று கிடையாது. என் வேலை தப்பியது. லாத்தாவின் கடன் அடைபட்டது. அண்ணாவை அவரது ஒப்பந்த நிறுவனத்தார் வேலையிலிருந்து நீக்கி, அந்த வாரத்திலேயே விமானம் ஏற்றிவிட்டார்கள். கைப்பை கடைசிவரை கிடைக்கவில்லை.

அவர் எடுத்திருப்பாரா என்று நீங்கள் கேட்கலாம். எடுத்திருக்க மாட்டார் என்று என் மனம் சொல்கிறது. ஆனால் மனம் சொல்வது சான்றாகாது. சான்று இருந்திருக்க வேண்டிய இடத்தை வெறுமையாக்கியவன் நான். குற்றவாளி என்றும் நிரபராதி என்றும் சொல்ல இயலாத ஒரு நிலையில் ஒரு மனிதரைத் தம் ஊருக்கு அனுப்பி வைத்தவன் நான்.

ஊர் புகழ்ந்த கண்

அதற்குச் சில வாரங்கள் கழித்து, 2010 ஜனவரி 19ஆம் நாள், துபை தங்கும் விடுதி ஒன்றில் பாலஸ்தீனத்தின் ஹமாஸ் இயக்கத்தைச் சேர்ந்த மஹ்மூது அல் மப்ஹூஹ் கொல்லப்பட்டார். விமான நிலையத்திலும் விடுதிகளிலும் பதிவான காட்சிகளைத் துபைக் காவல்துறையினர் ஒன்றோடொன்று இணைத்து, பிப்ரவரி மாதத்தில் உலகின் முன் வெளியிட்டனர். டென்னிஸ் விளையாடுவோர் போல் உடையணிந்து மின்தூக்கியிலிருந்து பின்தொடர்ந்தவர்களை எல்லா நாட்டினரும் தொலைக்காட்சியில் கண்டனர். கண்காணிப்பு அறைகளில் வேலை செய்தோர்க்கெல்லாம் அன்று பெருமை தாங்கவில்லை. எங்கள் அறையிலும் இனிப்பு வழங்கினார்கள். அந்த இனிப்பு என் தொண்டையில் இறங்கவில்லை.

அன்றிலிருந்துதான் இந்தக் கருவியைப் பற்றி நான் படிக்கத் தொடங்கினேன். வரலாறு பயின்றவனல்லவா! கம்பி வழியே படத்தைக் காணும் முறை 1942இல் ஜெர்மனியின் பேனமுண்டேயில், வி-2 ஏவுகணை புறப்படுவதைப் பாதுகாப்பான தொலைவிலிருந்து பார்ப்பதற்காக அமைக்கப்பட்டது. வால்டர் புரூக் என்னும் பொறியாளர் அதை அமைத்தார். ஆக, மனிதன் நெருங்க முடியாத நெருப்பைப் பார்க்கப் பிறந்த கண், பின்னர் மனிதனையே பார்க்கத் திரும்பிற்று.

கிளைவ் நாரிஸ், கேரி ஆம்ஸ்ட்ராங் என்னும் இரு ஆய்வாளர்கள் பிரிட்டனில் மூன்று கண்காணிப்பு அறைகளில் ஏறத்தாழ 600 மணி நேரம் அமர்ந்து, இயக்குவோர் எவரைத் தேர்ந்து பார்க்கிறார்கள் என்று கவனித்து, 1999இல் நூலாக எழுதினார்கள். செய்கையைக் கண்டு தொடர்ந்ததைவிட, தோற்றத்தைக் கண்டு தொடர்ந்ததே பெரிதும் நிகழ்ந்தது. இளைஞர், அதிலும் கறுப்பின இளைஞர், எக்காரணமும் இன்றிப் பின்தொடரப்பட்டனர். அதைப் படித்தபோது, இங்கிலாந்தின் அந்த அறைகளில் ஒன்றில் நானே அமர்ந்திருப்பது போன்று தோன்றிற்று.

அதே 2010ஆம் ஆண்டில், அந்நாட்டின் பர்மிங்ஹாம் நகரில் முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் ஸ்பார்க்புரூக், வாஷ்வுட் ஹீத் பகுதிகளில் இருநூறுக்கும் மேற்பட்ட கேமராக்கள் நிறுவப்பட்டன. பயங்கரவாதத் தடுப்பு நிதியிலிருந்து அவை வந்தன என்பது அப்பகுதி மக்களுக்கு வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை. செய்தி வெளியானதும் எழுந்த எதிர்ப்பினால் திட்டம் கைவிடப்பட்டது. காவல்துறை வருத்தம் தெரிவித்தது. 2011இல் அவை கழற்றப்பட்டன. அதைப் படித்து நம்மவர் கொதித்தோம். கொதித்தது சரியே. ஆனால் ஏழைத் தொழிலாளரின் இருக்கையின்மீது ஒரு முஸ்லிமாகிய என் கை செய்ததும் அளவில் சிறியதேயன்றி, தன்மையில் வேறானதன்று.

எனினும், கேமராவே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். பதிவு இல்லாமற் போனால் நசுங்குவோர் எளியவர்கள்தாம். 2020 ஜூன் மாதம் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையும் மகனும் தாக்கப்பட்டு மாண்ட கொடுமையை நாம் மறக்கவில்லை. அந்நிலையத்தின் கேமராப் பதிவுகள் அன்றன்றே அழிந்துவிடும்படி அமைக்கப்பட்டிருந்ததை, விசாரிக்கச் சென்ற மாஜிஸ்திரேட் உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கையாகத் தெரிவித்தார். அதே ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் உச்ச நீதிமன்றம், நாட்டின் காவல் நிலையங்கள் அனைத்திலும் ஒலியும் பதிவாகும் கேமராக்களை அமைத்து, பதிவுகளைப் பல மாதங்கள் காக்க வேண்டும் என்று ஆணையிட்டது. பதிவு நீதிக்குத் துணை நிற்கும். ஆனால் அது நிற்க வேண்டிய இடத்தில் நிற்க வேண்டும்.

சுவர் ஏறிய கலீஃபா

திருக்குர்ஆனின் ஹுஜுராத் அத்தியாயத்தில், பன்னிரண்டாம் வசனத்தில், அளவுக்கு மீறிச் சந்தேகம் கொள்வதையும் பிறர் குறையைத் துருவித் தேடுவதையும் அல்லாஹ் ஒருசேர விலக்கியிருப்பதை நீங்கள் அறிவீர்கள். இரண்டும் ஏன் அடுத்தடுத்து வந்தன என்று ஓதும் பருவத்தில் எனக்கு விளங்கவில்லை. குச்சியைப் பிடித்த பின்பே விளங்கிற்று. சந்தேகம் முதலில் கைக்கு வருகிறது. பிறகுதான் கேமரா திரும்புகிறது.

உமர் (ரலி) அவர்களைப் பற்றி வரலாற்று நூல்களில் ஒரு செய்தி சொல்லப்படுவதுண்டு. இரவில் ஒரு வீட்டினுள் கேட்ட ஓசையால் ஐயுற்று, சுவரேறி உள்ளே நோக்கி, குற்றம் புரிந்துகொண்டிருந்தவரைக் கண்டித்தார்கள். அந்த மனிதரோ, தாம் செய்த குற்றம் ஒன்று என்றும், துருவிப் பார்த்ததும் வாயில் வழி வராததும் அனுமதி கேளாததுமாகக் கலீஃபா செய்தவை மூன்று என்றும் எடுத்துச் சொன்னார். கலீஃபா அவர்கள் அதை ஏற்றுத் திரும்பிச் சென்றார்கள். நாட்டையே ஆண்ட ஒருவருக்கு, ஒரு வீட்டுச் சுவர் எல்லையாக நின்றது. இன்றைய டோம் கேமராவுக்குச் சுவர் ஏறும் சிரமமும் இல்லை. கட்டை விரலால் சிறிது சாய்த்தால் போதும்.

எங்கள் மதரஸாவில்

கூட்டத்தில் என் மௌனத்தைக் கலைத்து, சில நிபந்தனைகளுடன் பொறுப்பை ஏற்பதாகச் சொன்னேன். டோமின் ஹோம் நிலை வாயிலை நோக்கியே இருக்க வேண்டும். ஒரு நிமிடம் எவரும் தொடாவிட்டால் அது தானே அங்கே திரும்ப வேண்டும். பேட்டர்ன் எதுவும் பதியக் கூடாது. மாணவர் தங்கும் அறைகளிலும், ஒளுச் செய்யும் இடத்திலும் கேமரா கூடாது. எவரேனும் டோமைத் திருப்பினால் நேரம், காரணம், பெயர் ஆகியவற்றை அருகிலுள்ள பதிவேட்டில் எழுத வேண்டும். பழைய பதிவைப் பார்க்கும்போது இருவர் சேர்ந்தே பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் கேட்டேன். இக்கருவிகளில் மறைப்பு என்றொரு வசதி உண்டு. அண்டை வீட்டுச் சன்னல் போன்ற பகுதிகளைக் குறித்துவிட்டால், கேமரா எப்படித் திரும்பினாலும் எவ்வளவு நெருங்கினாலும் அங்கே ஒரு கறுப்புக் கட்டமே தெரியும். இயக்குபவன் விரும்பினாலும் பார்க்க முடியாது. நம் மதரஸாவின் பின்புறம் நான்கு வீடுகள் உள்ளன. அவற்றின் பெண்கள் மாடியில் துணி உலர்த்துவார்கள். அந்நான்கு மாடிகளையும், மாணவர் விடுதியின் சன்னல்களையும் மறைக்கச் செய்தேன்.

“ஹஜ்ரத், இவ்வளவு செலவில் கண்ணை வாங்கி, பாதியைக் கட்டிவிட்டீர்களே!” என்று நிர்வாகி ஒருவர் நகைத்தார்.

“கட்டியது கேமராவின் கண்ணையல்ல, காக்கா. என் கையை” என்றேன்.

முதல் நாள் இளைய வகுப்பு மாணவன் ஒருவன் டோமை அண்ணாந்து பார்த்துவிட்டு, “ஹஜ்ரத், இது எங்களைப் பார்ப்பதற்கா, வருகிறவர்களைப் பார்ப்பதற்கா?” என்று கேட்டான். “வாயிலைப் பார்ப்பதற்கு” என்றேன். அவனை அழைத்துச் சென்று திரையையும் பதிவேட்டையும் காட்டினேன். அவன் நிம்மதியாக ஓடிப் போனான்.

இரண்டு திங்களுக்கு முன்பு, வாயிலருகே நிறுத்தியிருந்த ஒரு மாணவனின் மிதிவண்டியைக் காணவில்லை. அங்கே வேர்க்கடலை விற்கும் ஏழைச் சிறுவன்மீது எல்லோருக்கும் ஐயம். “அவன் பக்கம் கேமராவைத் திருப்பி வையுங்கள் ஹஜ்ரத், நாளைக்கு மாட்டிக்கொள்வான்” என்றார் ஒருவர். என் கை குச்சியின்மேல்தான் இருந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். முத்தவல்லியையும் அழைத்து, இருவருமாக வாயிலின் பதிவைப் பார்த்தோம். அஸர் வேளையில் மிதிவண்டியை எடுத்துச் சென்றவர் அந்த மாணவனின் சொந்தச் சாச்சா! அவசரமாக மருந்து வாங்கப் போனவர், சொல்ல மறந்துவிட்டாராம். கடலை விற்கும் சிறுவனுக்கு இப்படியொரு ஐயம் எழுந்ததே தெரியாது. வழக்கம் போல் என்னிடம் ஒரு பொட்டலம் நீட்டினான்.

அந்தப் பொட்டலத்தை வாங்கியபோது என் கண்கள் நிறைந்தன. கேமரா தன் இடத்தில் நின்றால் ஓர் எளியவன் எவ்வளவு சுலபமாகத் தப்பிவிடுகிறான்! அன்றும் அது தன் இடத்தில் நின்றிருந்தால்?

அன்பு வாசகர்களே! அல்லாஹ்வுக்குச் செய்த பிழையை அவனிடம் அழுது மன்னிப்புப் பெறலாம். அடியாருக்குச் செய்த அநீதியை அந்த அடியாரே மன்னிக்க வேண்டும். இதை ஆண்டுதோறும் மாணவர்களுக்கு நான் பாடம் நடத்துகிறேன். அண்ணாவின் மாவட்டம் எனக்குத் தெரியும், ஊர் தெரியாது. அவரோடு வேலை செய்தவர்களிடம் கேட்டுப் பார்த்தேன், தடம் கிடைக்கவில்லை. இருந்தால் இப்போது எழுபதை நெருங்கியிருப்பார். மூன்றாவது பெண்ணின் திருமணம் நடந்ததா என்று அறியேன். இம்மாதம் மீண்டும் சிலரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

இன்று நம் வீட்டு வாயிலிலும் கடையிலும் கேமரா வந்துவிட்டது. குச்சிக்கு மாறாகக் கைப்பேசியின் கண்ணாடியில் ஒரு விரல் அந்த வேலையைச் செய்கிறது. வேலைக்கு வரும் பெண்ணையும், பொருள் கொண்டு வரும் பையனையும் அந்த விரல் தேடிப் போகும் நேரத்தில், ஒரு கணம் நின்று உங்கள் கையைப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அண்ணா என்றேனும் கிடைத்தால் என்னை மன்னிக்க வேண்டுமென்று எனக்காகத் துஆச் செய்யுங்கள்.